கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள்

14.6.1991, வெள்ளி.

இந்தத் தேதியை இன்று இரண்டாவது முறையாக எழுதுகிறேன். மில்லில் வேலைக்குச் சேரும்போதே எல்லோரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம். முழுகாமல் இருக்கும் ரெட்டியபட்டி லூர்துமேரி பிரசவ லீவு கேட்டாள். அவள் தாளில் ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார் முதலாளி. கிளார்க் நான்தானே, எழுதினேன்: ‘குடும்பச் சூழ்நிலையால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’

வாசித்துப் பார்த்தவள் கோபப்படவில்லை. “அண்ணே, இது உங்க எழுத்துல்ல? எம்மவள பள்ளிக்கூடத்துல சேக்க மனு எழுதிக் குடுத்தீகளே, அதே எழுத்து” என்றாள்.

பைலைக் கட்டும்போது பார்த்தேன். அவள் தாள் இருந்த இடத்துக்குக் கீழே, நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட என் வெற்றுத்தாள். என் முறை வரும்போது அதையும் என்னைத்தான் எழுதச் சொல்வார் முதலாளி. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுப்பேன்.