இருவருக்கும் ஒரே நாளில் முடியவேண்டும்

2000 ஒக்ரோபர் 9, புதுக்குடியிருப்பு

ஏழு மருந்து நிலையங்களிலிருந்தும் பஸ்ஸில் கடிதத் துண்டுகள் வந்தன. ஆறில் ஒரே வரி: ‘மலேரியாக் குளிசை இருப்பு இல்லை.’ நாயாற்றிலிருந்து மார்கிறட் மட்டும் ‘நூற்றிருபது கிடக்கு’ என்று எழுதியிருந்தாள். இல்லாதவர்களுக்கே முதலில் என்பது எங்கள் நிவாரணச் சங்கத்தின் விதி. அதன்படி களஞ்சியத்திலிருந்து அனுப்பும் அட்டவணை போட்டேன். நாயாற்றுக்கு இம்முறை ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 13

பதிவேடு பார்க்க ஸ்கந்தபுரம் போனேன். ‘இருப்பு இல்லை’ என்று எழுதிய சுகிர்தனின் அலுமாரியில் மூன்று தகர ரின், உடைக்காமல். ரின்னுக்கு ஆயிரம் குளிசை.

“கிடக்கெண்டு எழுதினால் வெட்டுவியள். மழை துவங்கினாப் பிறகு நான் ஆரிட்டைப் போறது, அக்கா?”

ஏசிவிட்டு வந்தேன். ஆனால் அவன் கள்ளனில்லை. இந்த விதிக்குள் யோசித்தால் அவன் செய்ததுதான் சரி. பொய்க்குப் பரிசு, உண்மைக்குத் தண்டனை. அந்தத் தண்டனையை எழுதிய கை யாருடையது? பேராதனையில் நாலு வருசம் கணிதம் படித்த என் கை.

ஒக்ரோபர் 14

மார்கிறட் நேரில் வந்தாள். கதிரையைக் காட்டினேன்; உட்காரவில்லை.

“மூண்டு நாளைக்குக் குடுக்க வேண்டிய குளிசையிலை ஒரு நாளைக்கானதை மட்டும் குடுத்து அனுப்பிறன். காய்ச்சல் திரும்பி வருது. உண்மை எழுதினது பிழையெண்டால் சொல்லுங்கோ அக்கா, நானும் பழகிறன்.”



ஒக்ரோபர் 16

களஞ்சியத்தில் நாற்பது ரின் பூட்டிக் கிடக்கிறது. செயலாளர் தவராசாவிடம் கேட்டேன்.

“அது அவசரத்துக்கு.”

“எது வந்தால் அவசரம், ஐயா?”

“வந்தால் தெரியும்தானே. கணக்கு ரீச்சர் மாதிரிக் கேள்வி கேளாதேங்கோ, தங்கச்சி.”

எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தால் திறப்பது, எத்தனை நாள் பாதை மூடினால் திறப்பது என்று ஒரு எண் கூடவா இல்லை? எண் இல்லாவிட்டால் அது சேமிப்பில்லை. பயம். அதற்கு ஒரு பூட்டு!

ஒக்ரோபர் 17

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஒக்ரோபர் 20

பூட்டின் திறப்பு அவரிடம். துண்டு எழுதுகிற பேனை என்னிடம்.

ஏழு நிலையங்களுக்கும் எழுதினேன். இனிக் களஞ்சியத்துக்கு இருப்பு எழுத வேண்டாம். காய்ச்சல்காரரின் தொகை போதும். சனிக்கிழமைகளில் பக்கத்து நிலையத்தாரைப் பாதி வழியில் சந்தியுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, இருப்பது எத்தனை நாளுக்குக் காணும் என்று பாருங்கள். இருவருக்கும் ஒரே நாளில் முடியும்படி குளிசையைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம்.

முழுப் படமும் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. பக்கத்தவரோடு சமப்படுத்திக்கொண்டே போனால் கடைசியில் ஏழும் சமப்படும் – கடதாசியில். கடதாசியை நம்பித்தானே ஒருமுறை கெட்டேன்?

ஒக்ரோபர் 30

பக்கத்து முள்ளியவளையிலிருந்து நாயாற்றுக்கு முதல் சனி அரை ரின், இரண்டாம் சனி ஒரு ரின். ஸ்கந்தபுரத்திலிருந்து ஒன்றும் நகரவில்லை. சுகிர்தன் சந்திப்புக்கே போகவில்லையாம்.

நவம்பர் 6

தவராசாவுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆளாளுக்கு முடிவெடுத்தால் சங்கம் எதுக்கு?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன், ஐயா.”

இப்படிக் கதைக்கிறவள் இல்லை நான். மாத முடிவோடு என்னை வேலையிலிருந்து நிற்பாட்டப் போவதாகச் சொன்னார். நிற்பாட்டட்டும்.

நவம்பர் 11

விடாத மழை. சனிக்கிழமை. யார் போயிருப்பார்கள்?

நவம்பர் 15

நாயாற்றுப் பாதை நேற்று வெள்ளத்தில் மூடிவிட்டது. அதற்கு முன் கடைசி பஸ்ஸில் மார்கிறட்டின் துண்டு: ‘பதின்மூண்டு நாளுக்குக் காணும். இப்ப எல்லாருக்கும் மூண்டு நாளும் குடுக்கிறன்.’

மத்தியானம் இன்னொன்று வந்தது. சுகிர்தனின் எழுத்து. ‘பதினெட்டு நாளுக்குக் கிடந்தது. பக்கத்து அக்கராயனில் காய்ச்சல்காரர் கூட, நாலு நாளுக்குத்தான். சனிக்கிழமை பிரிச்சுக் குடுத்திட்டன். இப்ப ரெண்டு பேருக்கும் பத்து.’

தவராசா அதை வாங்கிக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இந்த நாப்பது ரின்னும் ஏழு பேருக்கும் எத்தினை நாளுக்குக் காணும், தங்கச்சி?”

பேனையை எடுத்தேன்.