தட்டில் வளராத கிருமி

கம்பாலா, இரவு

சன்யுவின் அப்பாவுக்கு,

பரிசோதனைக்கூடத் தலைவரே, மகள் இப்போதுதான் தூங்கினாள்.

முழங்கால் வீங்கி அவள் கதறியபோது, ஜிஞ்சா ஊரில் உங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடி போனில் நீங்கள் சொன்ன தீர்ப்பு: "மூட்டு நீர கிருமி வளக்குற தட்டுல வச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் வளரல. கிருமி கிடையாது. நீதான் ஊரக் கூட்டுற." உங்கள் தட்டில் முளைக்காதது உலகத்திலேயே இல்லை!

ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த மூட்டு நீரைப் பல்கலைக்கழக ஆய்வாளர் நாக்கிகாண்டாவிடம் கொடுத்தேன். எல்லாப் பாக்டீரியாவுக்கும் புரதம் கட்டும் ரைபோசோம் உண்டாம், அதன் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவைப் படித்தால் செத்த கிருமியும் தன் இனத்தைச் சொல்லிவிடுமாம். சொல்லிவிட்டது: கிங்கெல்லா. குழந்தைகளின் தொண்டையில் குடியிருந்து, சமயத்தில் ரத்தம் வழியே மூட்டில் இறங்குவது.

"நீர் எடுக்கறதுக்கு முன்னாடி மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா, ன்யாபோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நீங்கள் அனுப்பிய அரைகுறை கிருமிக்கொல்லி மாத்திரைகளைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"சாகவும் விடாம வளரவும் விடாம அமுக்கி வச்சிட்டு, ஏன் வளரலன்னு தட்டையே பாத்துட்டிருந்தாரா உங்க பெரிய மனுஷர்?"

சரியான ஊசி தொடங்கியாயிற்று. கால் தப்புமா என்று நேற்றுவரை டாக்டர்களுக்கே சந்தேகம். இன்று ஊசி போட வந்த நர்ஸை மகள் அந்தக் காலாலேயே எட்டி உதைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்களும் வாருங்கள். அவள் கால் எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

அவளுடைய அம்மா