சூசையின் சீழ்க்கை

பிரிக்பீல்ட்ஸ்,
4 அக்டோபர் 1931

அன்புள்ள வெரோனிகாவுக்கு,

ஆண்டவர் தயவால் சுகமாயிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷமாகக் கடிதமே போடாத என் தம்பி சூசையின் பெயரையும், கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களோடு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

இங்கே நான் பாடம் சொல்லித் தரும் ரயில்வேக்காரர் பிள்ளைகளுக்குப் பறவைச் சத்தம் தெரியாது. தூரத்தில் கூவுவது எந்த எஞ்சின் என்று சொல்லிவிடுவார்கள்; குயிலைக் கேட்டால் விழிப்பார்கள். அதனால், சிறு வயதில் ஏரிக்கரையில் சூசையும் நானும் செம்போத்தைக் கூப்பிட்ட சீழ்க்கையை அடித்துக் காட்டினேன். எதிர்க்கடைக் கூண்டிலிருந்த மைனா பதில் கொடுத்தது. முடிவில் லேசான காற்றுச் சத்தம். உடைந்த முன்பல் வழியே சூசை மட்டுந்தான் அப்படி அடிப்பான்.

கடைக்காரர் பக்கிரிசாமியை விசாரித்தேன்.

"கிளாங் பக்கம் ஆளில்லாத வீட்டுல கூண்டோட கிடந்துச்சு, வாத்தியாரே. கூண்டுல தண்ணி மட்டும் புதுசா இருந்துச்சு."

"ஆளில்லாத வீட்டுல தண்ணி வெச்சது யாரு?"

"அதான் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன்."

நேற்று மைனாவைக் கடையிலேயே விட்டுவிட்டு, நான் மட்டும் அங்கே போனேன். வீட்டுக்குள்ளே கொடி படர்ந்திருந்தது. வாசலில் நின்று சீழ்க்கை அடித்தேன். பின்னாலிருந்த ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது, அதே காற்றுச் சத்தத்தோடு. மூன்று முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் இன்னும் தள்ளிப் போயிருந்தது. வேறொரு மைனாவாகவும் இருக்கலாம். நீ பயப்படாதே.

தபால்காரர் நிற்கிறார். சூசை பெயரைக் கொடுக்க வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, இரண்டு பேருக்குக் காணும்படி.

அன்புடன்,
அருளப்பன்