அணிலை ஆட்டும் கை

மார்ச் 3

மிளகின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனை எடுத்தாலே உங்கள் மகள் மிளகுக்கு மூக்கில் வியர்த்துவிடுகிறது. காதைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். போன வருடம் வரை எழுத்துக் கூட்டிப் படித்தவள், இப்போது எனக்கு வரும் செய்திகளை எனக்கு முன்னால் வாசித்துவிடுகிறாள். பதிலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கே போடுங்கள். தப்பித் தவறியும் வீட்டுக்கு வேண்டாம்.

நேற்று சாயங்காலம் டிவியில் நீங்கள் பொம்மை ஆட்டும் நிகழ்ச்சியைப் பார்த்தோம். தையல் கடை வைத்திருக்கும் வாத்துத் தம்பதி வீட்டுக்கு ஒரு குட்டி அணில் வந்து சேர்ந்தது. "இனிமே இது உங்க பிள்ளை" என்று ஆமை சொன்னது. வாத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. பக்கத்தில் மிளகு வாயில் வைத்த கரண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுகூடப் போகட்டும். அந்த அணில் ஒற்றைச் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியதே, அது யார் கொடுத்த யோசனை?

மிளகை நாம் அழைத்து வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் செருப்பில் ஒன்றுதான் அவள் காலில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். பிடுங்கினால் வீடே இரண்டுபடும். இது உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அதற்காகத்தானே பழைய வீட்டையே காலி செய்துவிட்டு யாருக்கும் நம்மைத் தெரியாத இந்தத் தெருவுக்கு வந்தோம்?

அவளுக்குப் பத்து வயது ஆனதும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வோம் என்று பேசி வைத்தோம். போன விடுமுறையில் நீங்கள், "இப்பவே சொல்லிடலாமே, ஏழு வயசு போதாதா" என்று ஆரம்பித்தீர்கள். நான் சம்மதிக்கவில்லை. இப்போது என்னைச் சுற்றிக்கொண்டு டிவி வழியாகப் போகிறீர்களா? நெஞ்சில் கை வைத்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மிளகின் அம்மா


மார்ச் 8

அன்புள்ள கண்ணாடிக் கடை மகாராணிக்கு,

தங்கள் குற்றப்பத்திரிகை கிடைத்தது. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தேன். வேலையிடத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே நிழல் அதுதான்.

முதலில் ஒன்று. கதையை எழுதியது நான் அல்ல. இங்கே எழுதுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், எதையும் யாரிடமும் கேட்டு எழுதுகிறவர் இல்லை. தத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சிறுவர் நிகழ்ச்சிகளில் யாருமே பேசுவதில்லை, நாமாவது பேசலாம் என்று ஆரம்பித்திருக்கிறார். அணிலுக்கு யாரைப் போடுவது என்று வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் கதவையும் மேகத்தையும் ஆட்டிக்கொண்டிருந்தவனுக்கு முகம் உள்ள பொம்மை கிடைத்தால் வேண்டாம் என்பானா? குரல் இன்னொரு பெண்ணுடையது. அதை முதலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். அதற்கு ஏற்றாற்போல் வாயைத் திறந்து மூடுவது மட்டும்தான் என் வேலை. நான் வெறும் கை. நம் வீட்டு விஷயம் எதையும் யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சத்தியம்.

எந்தப் பொம்மையை யார் ஆட்டுகிறார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டம். அணிலை ஆட்டுவது நான்தான் என்று மிளகிடமும் சொல்லவில்லை. அவளிடம் நான் விட்ட கதைகள்தான் உனக்குத் தெரியுமே. கரடியை ஆட்டுகிறவர் நிஜத்திலும் தூங்குமூஞ்சி, நரியை ஆட்டுகிற அத்தை வாயைத் திறந்தால் பொய், அவரவர் குணத்தைப் பார்த்துத்தான் பொம்மை கொடுப்பார்கள் என்று அளந்து வைத்திருக்கிறேன். "அப்ப நீங்க ஏம்பா கதவு?" என்று கேட்டாள். "எப்பவும் திறந்த மனசு" என்று சொன்னேன். நீ சிரித்தாய். இப்போதும் கொஞ்சம் சிரியேன்.

நிகழ்ச்சியைப் பார்க்கவிடாமல் மட்டும் செய்துவிடாதே. திடீரென்று நிறுத்தினால்தான் அவளுக்கு ஏன் என்று கேள்வி வரும்.

அன்புடன்,
வெறும் கை


மார்ச் 13

வெறும் கைக்கு,

கடிதம் முழுக்கத் தேன் தடவி அனுப்பியிருக்கிறீர்கள், செருப்புக்கு மட்டும் பதில் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையில் தெரியாத வரியைத் தாண்டிவிட்டு அடுத்த வரியைச் சத்தமாக வாசிப்பார்கள். அந்த வித்தையை நான் தினமும் பார்க்கிறேன்.

அணிலை ஆட்டுவது நீங்கள்தான் என்று எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எதைச் சாப்பிடும் முன்னாலும் மூக்கால் இரண்டு தடவை முட்டிப் பார்க்கிறதே, அது மிளகுக்கு ஊட்டுவதற்காக நீங்கள் காலுறையில் செய்த பொம்மையின் பழக்கம்.

இந்த வாரம் அணில் என்ன பேசியது? "என்னோட நிஜ அம்மா எங்க?" அப்படியானால் அந்த வாத்தம்மா யார், பொய்யா? காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது பொய், பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றது பொய், "அம்மா" என்று கூப்பிட்டதும் பொய். இதை எழுதிய அம்மணி தத்து எடுத்த ஒருத்தியிடமாவது பேசிப் பார்த்திருக்கிறாரா? சாயங்கால நேரத்தில் அத்தனை வீட்டுக்குள்ளும் புகுந்து அடிமடியில் கை வைக்கிறீர்கள்.

இன்னொன்று. மிளகு சரியாக இல்லை. அதிகம் பேசுவதில்லை. "அப்பா சின்னப் பையனா இருந்தப்ப எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டாள். உங்கள் அப்பாவின் படத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு ஏறி நின்று காதை உற்றுப் பார்க்கிறாள். ஜாடை தேடுகிறாள் என்று நினைக்கிறேன். தன் முகம் யாரைப் போலவும் இல்லை என்று கண்டுபிடிக்கப் போகிறாள். நீங்கள் போனில் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். இல்லாவிட்டால் அவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வரும்?

முன்பு மாதம் ஒரு முறையாவது வந்தீர்கள். இப்போது அதுவும் இல்லை. என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லையா, வர மனமே இல்லையா?

மிளகின் அம்மா


மார்ச் 17

இவளே,

இந்த முறை விளையாட்டுப் பேச்சு இல்லை. எனக்கும் கோபம் வரும்.

மிளகிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நீதான் என்று எனக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, அழுதீங்களா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன். "தனியா இருக்கறப்ப சோகமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நான் உங்கள விட்டுட மாட்டேன்" என்றாள். ஏழு வயதுப் பிள்ளை தானாகப் பேசுகிற பேச்சா இது? நாம் பிரியப் போகிறோம் என்று அவளிடம் சொன்னாயா? நான் வராததற்கு இரண்டு வேளைப் படப்பிடிப்புதான் காரணம். வேறு எதுவும் இல்லை. நீ மனதில் என்ன கணக்குப் போட்டு வைத்திருக்கிறாயோ தெரியவில்லை.

இனி செருப்பு. வாயால் சொல்லவில்லை என்று எழுதினேன், அது உண்மை. ஒத்திகையில் அணிலைத் தூங்க வைக்கச் சொன்னார்கள். மேசைமேல் தையல் கடைச் சாமான்களோடு ஒரு குட்டிச் செருப்பு கிடந்தது. என் கை தானாகப் போய் அதை எடுத்துக்கொண்டது. ஆட்டுவதை நாங்களே பார்க்க வைத்திருக்கும் குட்டித் திரையில் எனக்கு மிளகுதான் தெரிந்தாள். இயக்குநர் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். எடுக்கச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நிஜ அம்மா" விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி. உன் கடிதம் வந்த மறுநாள் அதே வசனம் இன்னொரு காட்சியில் வந்தது. குரல் ஓடியது, நான் அணிலின் வாயைத் திறக்கவில்லை. திரும்ப ஓட்டினார்கள். திறக்கவில்லை. "கை மரத்துப் போச்சா?" என்று இயக்குநர் கத்தினார். மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இந்த வசனத்துக்கு இது வாயைத் திறக்காது என்றேன். எழுதுகிற அம்மா காரணம் கேட்காமலே வசனத்தை "என்னப் பெத்தவங்க எங்க?" என்று மாற்றினார். வேலை போயிருக்கும். போகவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை வாத்துகள் அணிலிடம் எல்லாவற்றையும் சொல்கிற பகுதி வருகிறது. அவளைத் தனியாகப் பார்க்கவிடாதே. நீ பக்கத்தில் இரு.

அப்பா


மார்ச் 20

மிளகின் அப்பாவுக்கு,

பிரியப் போகிறோம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படி ஒரு யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் இப்போது என் சந்தேகம்.

வசனத்தை மாற்றியதற்குச் சந்தோஷம். அதைப் படித்தபோது கடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். முதலாளி, "தூசியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் இங்கே ஒன்று கேளுங்கள். படுக்கையைத் தட்டிப் போடும்போது மிளகின் தலையணைக்கு அடியில் உங்கள் சிறுவயதுப் படம் கிடந்தது. எதற்கடி என்றால், "சும்மா" என்கிறாள். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னை வெறுக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வராமலே இருந்தால் தேவலை. டிவி வயரைப் பிடுங்கிவிடலாமா என்று இரண்டு தடவை அருகில் போய்விட்டுத் திரும்பினேன்.

மிளகின் அம்மா


மார்ச் 26

அன்புள்ள உங்களுக்கு,

இன்று கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மிளகு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். வாத்தப்பாவும் வாத்தம்மாவும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அணிலை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பேச்சை ஆரம்பிக்கும்போதே மிளகு எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அழக்கூடாது."

சொல்லு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பா தத்துப் பிள்ளைம்மா."

அவளே மளமளவென்று சொன்னாள். "அந்த அணில் அப்பாதான். மூக்கால ரெண்டு தடவ முட்டுதே, நீ பாக்கலயா? தூங்குமூஞ்சி மாமாவுக்குக் கரடி, பொய் சொல்ற அத்தைக்கு நரி. அப்ப அணில் யாரு? இத்தன நாளா அப்பாவுக்குக் கதவும் மேகமும்தான குடுத்தாங்க, இப்பதான் அவரு கதை வந்திருக்கு. போட்டோலயும் பாத்துட்டேன். அப்பா காது தாத்தா காது மாதிரி இல்லவே இல்ல. பாவம்மா, அது தன்னோட கதைன்னு தெரியாமலே ஆட்டிட்டிருக்காரு."

நீங்கள் அளந்த கதைகள்தான் இத்தனைக்கும் காரணம். நான் எங்கெங்கோ போய்ச் சந்தேகப்பட்டேன். உங்களை, எழுதுகிற அம்மாவை, கடைசியில் குழந்தையையும்.

"நாம சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "சொன்னா கஷ்டப்படுவாரேடி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"கொஞ்ச நாள் போனா, இத்தன நாளா ஏன் சொல்லலன்னு கோவப்படுவாரு. டிவிக்காரங்களுக்கே தெரியுது, நாம சொல்லலன்னா எப்படி? நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு சொல்லணும். சொன்ன உடனே நீ எழுந்து வேலை பாக்கப் போயிடக்கூடாது."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "சொன்னதும் அவங்களத் தேடிக்கிட்டு நம்மள விட்டுட்டுப் போயிட்டார்னா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டதைப் போல.

"எங்கம்மா போவாரு? அவரு வீடு இதுதான?"

அழக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. "நான் சொன்னேன்ல" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். பத்து வயது ஆகட்டும் என்று நான் சொன்னது அவளுக்காக இல்லை. எனக்குப் பயம். தெரிந்துவிட்டால் போய்விடுவாளோ என்கிற பயம். அவள் கையைப் பிடித்து அப்போதே சொல்லியிருப்பேன், வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சேர்ந்துதான் சொல்வதென்று பேசியிருக்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஆள் குறைகிறது.

அதனால் படப்பிடிப்பு எப்படி இருந்தாலும் இந்தச் சனிக்கிழமை வந்துவிடுங்கள். அவள் உங்களிடம் சொல்லப் போகிறாள். பாதியில் சிரித்துவிடாதீர்கள், இல்லை என்று மறுத்து முந்திக்கொள்ளவும் வேண்டாம். முழுதாகக் கேளுங்கள். அவள் முடித்த பிறகு, அவள் பிடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு நாம் சொல்வோம். யாரும் எழுந்து வேலை பார்க்கப் போகக் கூடாது.

பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னும் கீச்சென்று சத்தம் வருகிறது.

வரும்போது அணிலைக் கொண்டுவர வேண்டாமாம். உங்கள் மகள்தான் சொல்லச் சொன்னாள். அது பக்கத்தில் இருந்தால் அப்பா வெட்கப்படுவாராம்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி