'ஆற்று மணல்' என்று எழுதிய தாள்

காலையில் உன் தம்பி போன் செய்தான். "அண்ணா, அந்தக் கல்மாவு கம்பெனிலயே கூப்டுறாங்க. திங்கக்கெழம சேந்துரலாம்னு கீறேன்." நீ எட்டு வருஷம் வேலை பார்த்து, இருமி இருமி ஆள் பாதியாகி, செத்துப்போனாயே, அதே கம்பெனி. போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நீ கொடுத்த மாத்திரை டப்பாவை எடுத்தேன்.

ஜியாலஜி கடைசி வருஷம் அது. கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்து, அதே சட்டையோடு ரயிலேறி வகுப்புக்கு வருவாய். காலர் வெள்ளை வெளேரென்று இருக்கும். கல்லூரிக்கு அப்போதுதான் எக்ஸ்ரே கருவி வந்திருந்தது. தூளை வைத்தால் அதில் என்ன கனிமம் என்று கோடு வரைந்து காட்டும். ஒருநாள் சட்டையை உதறி அந்த டப்பாவில் தூள் பிடித்து வந்தாய். "சுண்ணாம்புதான், ஒண்ணும் ஆவாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கினே கீறாரு. இன்னான்னு பாத்துடலாம் மச்சான்."

பார்த்தோம். இருபத்தாறரை பாகைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடு பனைமரம் போல எழுந்து நின்றது. சுண்ணாம்பு இல்லை, குவார்ட்ஸ். மூச்சில் போனால் நுரையீரலை விட்டு வெளியே வராத கல். நீ காலரைத் தடவிக்கொண்டிருந்தாய்.

குற்றம் என்னுடையது. களத்தில் எடுத்த மாதிரிகளுக்கு மட்டும்தான் கருவி என்பது துறையின் விதி. திட்டு விழுமே என்று பயந்து 'ஆற்று மணல்' என்று பதிந்திருந்தேன். தாளின் தலையிலும் அதுவே அச்சாகி வந்தது. அதைத்தான் நீ சூப்பர்வைசரிடம் முகமூடி கேட்க எடுத்துப் போனாய். மறுநாள் வந்து சொன்னாய்: "ஆத்து மணல்னு போட்டுக்கீது, நம்ம தூளுக்கு இத்த இன்னாத்துக்கு காட்றேன்னு சிரிச்சிட்டாரு மச்சான்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை நீ. திட்டியிருக்கலாம். வேறு தாள் எடுத்துத் தருகிறேன் என்றேன், எடுக்கவேயில்லை. தேர்வு வந்தது, முடிந்தது, நீ அங்கேயே முழுநேரமாகச் சேர்ந்தாய்.

இப்போது அந்தக் கருவி என் பொறுப்பில். எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதாத பொட்டலத்தை உள்ளே விட மாட்டேன். பசங்க என்னைக் கிறுக்கு வாத்தியார் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்று மதியம் டப்பாவில் மிச்சமிருந்த உன் தூளை மறுபடி வைத்தேன். அதே இடத்தில் அதே கோடு. உன் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்டேஷனுக்கு வா, நேரில் பேச வேண்டும் என்றேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாள் மடியில் இருக்கிறது. இந்த முறை தலைப்பைச் சரியாகப் போட்டிருக்கிறேன்: 'அண்ணன் சட்டையில் இருந்த தூள்.'