மண் அள்ளியவர்கள் ஆடும் இடம்

லைப்சிக், கிழக்கு ஜெர்மனி
12.10.1974

அன்புள்ள அண்ணனுக்கும், அம்மாவுக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் உட்கார்ந்து இதைக் கேட்கும் எல்லோருக்கும் அம்சத்தின் வணக்கம்.

சங்கம் வாங்கித் தந்த உதவித்தொகை வீண்போகவில்லை, பூச்சியியல் தேர்வில் தேறிவிட்டேன். அனுப்பிய மிளகாய்ப்பொடி வந்தது. வழியில் பொட்டலம் கிழிந்து, தபால்காரர் தும்மிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

"பாடத்தையே எழுதுறியே, பொழுது எப்புடிப் போவுதுன்னு எழுதச் சொல்லி எல்லாரும் கேக்குறாங்க" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த முறை அதையே எழுதுகிறேன்.

ஊர் நடுவில் பழைய கோட்டை ஒன்று இருந்ததாம். உலகச் சண்டையில் குண்டு விழுந்தபின், அதன் நிலவறைகளில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது அதைத் தோண்டி மாணவர் மன்றம் கட்டுகிறோம். கூலியாள் கிடையாது, நாங்களேதான் அள்ளுகிறோம். முதல் நாள் நான் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வாளியைத் தலையில் வைத்ததும், என் அறைத்தோழி ஹைக்கா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வெட்கத்தில் இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று மறுபடி தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஓர் அறை காலியானதுமே, சனிக்கிழமை இரவுகளில் அங்கே பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தடவை போனபோது, குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரமாக நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் ஹைக்கா உள்ளே இழுத்துவிட்டாள். வேலையில் என்னிடம் வாளி வாங்குகிற பையன் ஒருவன் வந்து கையை நீட்டினான். வாளி வாங்குகிற கைதானே என்று பிடித்துக்கொண்டேன். அவன் காலைப் பலமுறை மிதித்துவிட்டேன். ஒரு வாய் பீரும் குடித்துப் பார்த்தேன். அகத்திக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து ஹைக்காவும் நானும் விடுதிக்கு நடந்தே வந்தோம். நடுச்சாமம். இரண்டு போலீஸ்காரர்கள் எதிரே வந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அவர்கள் ஒன்றும் கேட்காமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆட்டத்தைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அன்புத் தங்கை,
அம்சம்

கீழக்குறிச்சி
பட்டுக்கோட்டை வழி
20.12.1974

தங்கை அம்சத்துக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. எனக்குக் கோபம் குறையவில்லை.

உன் கடிதம் வந்தால் நான் முன்கூட்டிப் பிரிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் பிரித்தால்தான் நம் தெருவுக்கே வந்த கடிதம் என்று இருக்கும். இதையும் அப்படியே பிரித்தேன். வாளி சுமந்த இடத்தில் கை தட்டினார்கள். அடுத்த பக்கத்தில் கண் போன வேகத்துக்கு வாயும் போய்விட்டது. பீர் என்று வந்த பிறகுதான் நிறுத்தினேன். "நிறுத்தாத மாப்ள, போதை ஏறிச்சா இல்லியான்னு தெரிய வேணாமா?" என்றார் வைரக்கண்ணு மாமா. கொட்டகையே சிரித்தது. அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்வேன். சம்பா அறுவடைக் கூலிக்காகத் தாசில்தார் முன்னால் பேச்சு நடந்தது. நான் வாயைத் திறந்ததும் பண்ணைக் காரியஸ்தன் சொன்னான்: "கூலி ஒசத்தணும்னா சீமையிலேருந்து ஒந் தங்கச்சிய வரச் சொல்லு இளையபெருமாளு. களத்துல ஒரு ஆட்டம் ஆடிக் காட்டட்டும், பாத்துட்டு நெல்லச் சேத்து அளக்குறோம்." மிராசுதார் சிரித்தார். தாசில்தார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கொண்டுபோன கூலிக் கணக்குத் தாளை மடித்துவிட்டேன். ஒன்றும் முடிவாகாமல் திரும்பி வந்தோம்.

ஒரத்தநாட்டிலிருந்து செல்லதுரையின் அப்பாவும் வந்து போனார். வாத்தியார் வேலை பார்க்கும் மகனுக்கு உன்னைக் கேட்டுப் பூ வைத்தவர், இப்போது தயங்குகிறார்.

ஒரே வழிதான் இருக்கிறது. அது மன்றத்தில் போட்ட நாடகம், நீ அதில் வேஷம் கட்டினாய் என்று ஒரு கடிதம் எழுது. கொட்டகையில் சத்தமாகப் படித்துவிடுகிறேன். இனிமேல் அங்கே போகவும் வேண்டாம். மாட்டேன் என்றால், உன் கடிதம் எதையும் இந்தத் தெருவில் நான் படிக்க மாட்டேன்.

உன் நன்மையை நினைக்கும்,
இளையபெருமாள்

லைப்சிக்
16.1.1975

அன்புள்ள அண்ணா,

பொங்கலுக்கு இங்கே பனி பெய்தது. பால் வாங்கிப் பொங்கவிட்டேன். ஹைக்கா, அடுப்பை நாசமாக்கிவிட்டாய் என்றாள்.

அது நாடகம் இல்லை. நான் ஆடினேன். போன சனிக்கிழமையும் ஆடினேன். இப்போது யார் காலையும் மிதிப்பதில்லை.

உங்கள் முன் நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டால்கூட இரண்டாம் தடவைதான் எழுந்து நிற்பேன். எழுத்தில் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

மிராசுதார் மாடிவீடு கட்டியபோது அம்மா ஒரு கோடை முழுக்கச் செங்கல் சுமந்தாள். குடிபுகுந்த அன்று நம்மைக் கொல்லையில், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அந்தத் தளத்தில் அம்மாவின் கால் அதற்குப் பிறகு பட்டதே இல்லை. இந்த நிலவறையில் நான் மண் சுமந்தேன். அதே நிலவறையில் ஆடுகிறேன். உழுதவனுக்கு நிலம் என்று கொடி பிடித்து ஊர் ஊராகப் போகிறீர்களே, தோண்டியவளுக்குத் தோண்டிய இடம் இல்லையா?

கெட்ட பெயர் என்கிறீர்கள். தாளடி அறுப்பில் பாதி ராத்திரி வரைக்கும் அம்மா பண்ணைக் களத்தில் நெல் தூற்றியிருக்கிறாள். அம்மா பெயரைச் சொல்லி, ராசம்மாள் ராத்திரியில் எங்கே போனாள் என்று யாராவது கேட்டார்களா? அவர்கள் வேலைக்கு ராத்திரியில் போகலாம். என் சந்தோஷத்துக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டம் யார் போட்டது, காரியஸ்தனா? அவன் போட்டதை நீங்கள் ஏன் எனக்கு எழுதி அனுப்புகிறீர்கள்?

அவன் சிரித்தது என் ஆட்டத்துக்காக இல்லை, அண்ணா. நீங்கள் கூலி கேட்டதற்காக. நான் ஆடாமல் இருந்திருந்தால் உங்கள் சட்டையைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

செல்லதுரை என்னைக் கேட்கட்டும், நானே பதில் எழுதுகிறேன். அவர் அப்பா கேட்டால் எழுத மாட்டேன்.

கடிதத்தைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் கையில் இருக்கிறது. படித்தால் முழுதாகப் படியுங்கள். ஒரு வரி விட்டாலும் அது என் கடிதம் இல்லை.

அம்சம்

கீழக்குறிச்சி
5.3.1975

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை முதல் தடவையாகத் தனியே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கீழத் தெரு அகிலாண்டம் தபால்காரரிடம் கேட்டிருக்கிறாள். அன்று பொழுது சாய்ந்ததும் பெண்கள் எல்லோரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் அம்மா. "எம் மவ கடுதாசிய எங்கிட்டயே மறைக்கிறியாடா? எடு. படி." நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். "நாளைக்கு எனக்குக் கடலக் களையெடுப்பு இருக்கு. இப்ப படி" என்றாள்.

முழுதாகப் படித்தேன். செங்கல் சுமந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அம்மா விடவில்லை, "சத்தமா படி" என்றாள். செல்லதுரையின் அப்பா அன்று ஒரத்தநாட்டிலிருந்து வந்து கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தார். நடுவிலேயே எழுந்து போய்விட்டார். மறுவாரம் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். செல்லதுரையிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். "பூவத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றாள், அவ்வளவுதான்.

கூலிப் பேச்சு மறுபடி நடந்தது. காரியஸ்தன் பழையபடி தொடங்கினான். "ஆமாங்க, ஆடுறா. அவ மண்ணு அள்ளுன எடத்துல அவ ஆடுறா. நீங்க கூலியப் பேசுங்க" என்றேன். வைரக்கண்ணு மாமா பின்னாலிருந்து, "ஒங்களுக்கும் ஆடணும்னா மொதல்ல மண்ணு அள்ளிட்டு வாங்க" என்றார். இந்த முறை தாசில்தார் சிரித்தது அவனைப் பார்த்து. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. கிடைத்தவரையில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

நீ ஆடுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் எழுதச் சொன்னது தப்பு. இனிமேல் கேட்க மாட்டேன்.

கடிதம் படித்த அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொட்டகை கலைந்ததும் பெண்கள் எப்போதும்போல வாய்க்கால் கரையோடு திரும்பவில்லை. மிராசுதார் தெரு வழியாகப் போனார்கள். பொழுது போன பிறகு நம் பெண்கள் அந்தத் தெருவில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. மெதுவாக, சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். மாடியில் விளக்கு எரிந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீ எதுக்குடா வர்ற? வீட்டுக்குப் போ. நாங்க வந்துக்குறோம்."

உன் அண்ணன்,
இளையபெருமாள்