நான் பார்க்காத இரண்டாவது சுற்று

டொக்டர்,

நேற்று பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் மழை. கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் இடுப்பில் கயிற்றால் கட்டியிருந்த படங்குகளிலிருந்து நனைந்த சாக்கு வாடை எழுந்தது. பேட்டிக்குப் போன நான் கேள்வி கேட்காமல் நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் செய்திக்காக வந்த உங்கள் சிறிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் இதே வாடைதான். கட்டிலில் ஒரு சாக்குப் பொம்மை. உள்ளே தேயிலைத் தூசு, இடுப்பில் கயிற்றால் இறுக்கிய நிஜப் படங்கு. "லொறி பிரண்டு வந்த ஆள் எண்டு நினையுங்கோ," என்றீர்கள். மூன்று பேர் ஒரே ஒட்சிசன் குழாயை எடுக்க ஓடினார்கள். கயிற்றை வெட்டக் கத்தரிக்கோல் யாரிடமும் இல்லை. உதவியாளர் முனியாண்டி முடிச்சோடு மல்லுக்கட்டியபடியே பொம்மையிடம், "அம்மா, கொஞ்சம் வயித்த எக்குங்க, டொக்டரையா மொறைக்கிறாரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான்.

"சரி, ஆர் என்ன செய்யிறதெண்டு பிரிச்சுப்போட்டு இன்னொருக்காச் செய்வம்," என்றீர்கள். எனக்கு அப்புத்தளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

'நோயாளிகள் வரிசையில், டொக்டர் பொம்மை விளையாட்டில்' என்று பத்திரிகையில் எழுதினேன். வரிசையில் அன்று யாரும் இருக்கவில்லை. உங்கள் சாப்பாட்டு வேளையில்தான் அந்தப் பயிற்சி. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சி நின்றது.

சில மாதம் கழித்துக் கொழுந்து லொறி ஒன்று புரண்டது. செய்தி எடுக்க வந்தேன். நீங்கள் ஒருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தீர்கள். அடுத்த கட்டிலில் ஒரு பெண். படங்குக்கு அடியிலிருந்து இரத்தம். புதிதாக வேலைக்கு வந்த இருவர் நனைந்த முடிச்சை விரலால் பிரித்துக்கொண்டிருக்க, முனியாண்டி அலுமாரியின் ஒவ்வொரு லாச்சியாக இழுத்துக் கத்தரிக்கோல் தேடினார். அவள் பிழைக்கவில்லை. அந்த முடிச்சுதான் காரணம் என்று நான் எழுத முடியாது. உறுதியாகத் தெரியாததை எழுதக் கூடாது என்பது என் தொழில் விதி. உங்களைப் பற்றி எழுதியபோது மட்டும் அதை மறந்திருந்தேன்.

வெளியே வந்து கை துடைத்தபடி, "தம்பி, அண்டைக்கு மற்றப் பாதியையும் இருந்து பாத்திருக்கலாம்," என்றீர்கள். திரும்பவும் உள்ளே போய்விட்டீர்கள்.

அந்த மற்றப் பாதியைப் பல வருடம் கழித்து முனியாண்டி சொன்னார். "ரெண்டாவது வாட்டி நாந்தாங்க கத்திரிக்கோல் ஆளு. கழுத்துலயே மாட்டியிருந்தேன். வெட்டுன்னு டொக்டரையா சொல்றதுக்குள்ள வெட்டிட்டேங்க. அந்தக் கடிதாசி வந்த பொறவு கத்திரிக்கோல் அலுமாரிக்குப் போயிருச்சு."

திருத்தம் ஒன்றும் நான் போடவில்லை. நீங்கள் மறைந்தபோது அஞ்சலிக் குறிப்பை எழுதியதும் நான்தான். படித்த இடம், பணியாற்றிய ஊர்கள் எல்லாம் அதில் இருந்தன. சாக்குப் பொம்மை இல்லை.

நேற்று ஒரு பெண் சிரித்தாள். "என்னங்கையா, படங்கையே பாக்குறீங்க?"

"நனைஞ்சா இந்த முடிச்ச அவுக்க முடியுமா?"

"பல்லால கடிச்சுத்தாங்க அவுக்கணும். அவசரம்னா வெட்ட வேண்டியதுதான்."

குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அன்று பஸ்ஸுக்கு எழுந்திருக்குமுன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.